முட்டை விலை ஏறியிருக்கு, பண்ணையை மூணு மடங்காக்க என் வீட்டை அடமானம் வைக்கலாமா?

கடிதம் எழுதினவங்க பேர் ஊர் எதுவும் வேண்டாம்னு கேட்டிருக்காங்க, அதனால விஷயத்தை மட்டும் சொல்றேன். வயசு 38. கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்து மூணு வருஷமா 4,000 வெள்ளை முட்டைக் கோழி வச்சு பண்ணை நடத்துறாங்க, கணக்கு நோட்டு எழுதுறது இவங்க. இப்ப இருக்குற பேட்ச்சுக்கு 72 வாரம் ஆச்சு. கொஞ்ச மாசமா முட்டை விலை ஏறியிருக்கறதால இன்னும் 8,000 கோழி சேர்த்து 12,000 ஆக்கிடலாம்னு கொழுந்தனார் சொல்றார், கணவரும் கிட்டத்தட்ட சம்மதிச்சுட்டார். மூடிப்போன ஒரு பண்ணையில இருந்து கூண்டு பழசா வாங்கறதா பேச்சு. இப்ப கடனுக்கு தீவனம் கொடுக்கறவரே, பெருசாக்கினா முன்பணமும் தர்றேன், ஆனா முட்டை மொத்தமும் எனக்கே போடணும்னு சொல்றாராம். மிச்சத்துக்கு கடன் வாங்கணும், அதுக்கு இவங்க அப்பா அம்மா இவங்க பேர்ல எழுதிக் கொடுத்த வீட்டை அடமானம் வச்சு ஜாமீன் கையெழுத்தும் போடணும். "லாபம்னு எல்லாரும் சொல்றாங்க, என் நோட்டுல மாசக் கடைசியில பணமே நிக்க மாட்டேங்குது, வியாபாரி ஏமாத்துறாரா இல்ல எனக்குத்தான் கணக்கு தெரியலையா, நான் வேண்டாம்னு சொன்னா குடும்பம் முன்னேறுறதை தடுத்த மாதிரி ஆயிடுமா"ன்னு கேட்டு, ரெண்டு மாச நோட்டுப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க.

அன்புச் சகோதரிக்கு,

கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். நீங்க யாரையும் தடுக்கல. வீடு உங்களுது, கடன் திரும்பலைன்னா போகப்போறதும் உங்களுது, அப்படி இருக்கும்போது கணக்கு கேக்கறது உங்க உரிமை, சொல்லப்போனா இந்த குடும்பத்துல அதைக் கேக்கற இடத்துல இருக்கறதே நீங்க ஒருத்தர்தான். நான் கால்நடை மருத்துவர், பண்ணைக் கணக்கு பார்த்து ஆலோசனை சொல்றதும் என் வேலை, அந்த ரெண்டு கண்ணோடயும் உங்க நோட்டைப் பார்த்துட்டு சொல்றேன்: இந்த மாதிரி, இந்த நேரத்துல, கையெழுத்து போடாதீங்க. பண்ணையை பெருசாக்கவே கூடாதுன்னு சொல்லல, அதுக்கு வேற வழி இருக்கு, கீழ எழுதுறேன்.

உங்களுக்கு கணக்கு தெரியலைன்னு நினைக்கிறீங்களே, அது தப்பு. ஒரு பக்கம் எத்தனை ட்ரே போச்சு என்ன விலை எவ்ளோ வந்துச்சு, இன்னொரு பக்கம் தீவன மூட்டை, மருந்து, கரண்ட், கூலி, ஒரு நாள் கூட விடாம எழுதியிருக்கீங்க. இந்த அளவுக்கு எழுதுற பண்ணைங்க ரொம்ப கம்மி. ஆனா அந்த நோட்டுல மூணு பத்தி இல்லை. அன்னிக்கு உயிரோட இருக்குற கோழி எத்தனை, உடைஞ்ச முட்டை எத்தனை, கோழி வாங்குன காசு மாசாமாசம் எவ்ளோ தேயுது. பணம் எங்க போகுதுங்கற கேள்விக்கு பதில் இந்த மூணுலதான் ஒளிஞ்சிருக்கு.

எல்லாத்தையும் முட்டையில எண்ணிப் பாருங்க

காசுல எண்ணுனா விலை ஏறும்போது எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே தெரியும். அதனால நான் எல்லாரையும் முட்டையில எண்ணச் சொல்வேன். ஒரு கிலோ தீவனம் வாங்க எத்தனை முட்டை விக்கணும்? முட்டைத் தொழில்ல மொத்த செலவுல 60லருந்து 70 சதவீதம் தீவனத்துக்கே போகும், அதனால இந்த ஒரு எண்ணுதான் பண்ணையோட நாடித்துடிப்பு. உங்க நோட்டுல பழைய பக்கத்துல இது 6க்கு கொஞ்சம் மேல இருக்கு, இப்ப 6. அதாவது முட்டை விலை ஏறுனது உண்மைதான், ஆனா அதே ரெண்டு மாசத்துல உங்க தீவன விலையும் கூடவே ஏறியிருக்கு. ஊரெல்லாம் விலை ஏறிடுச்சுன்னு பேசுற அளவுக்கு உங்க கையில எதுவும் ஏறல.

இப்ப ஒரு நாள் கணக்கை எடுத்துக்குவோம். 98 ட்ரே போயிருக்கு, ட்ரேக்கு 30 வச்சு 2,940 முட்டை. நீங்க அதை 4,000ஆல வகுத்து 73 சதவீதம்தான் வருது, கோழி சரியில்லைன்னு ஓரத்துல எழுதியிருக்கீங்க. ஆனா கடிதத்துல இதுவரைக்கும் 240 கோழி செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கீங்களே, அப்போ இருக்கறது 3,760, அதுல 2,940ன்னா 78 சதவீதம். 72 வாரக் கோழிக்கு இது மோசமில்லைங்க. பேட்ச் முழுக்க 6 சதவீதம் செத்ததும் பெரிய இழப்புன்னு சொல்ல முடியாது. கோழி மேல தப்பு இல்லை.

தப்பு தீவனத்துல இருக்கு. ஒரு நாளைக்கு 9 மூட்டை, மூட்டை 50 கிலோ, ஆக 450 கிலோ, 3,760 கோழிக்குன்னா தலைக்கு கிட்டத்தட்ட 120 கிராம். வெள்ளைக் கோழி முட்டை விடற காலத்துல சாப்பிடறது சுமார் 110 கிராம். குளிர்ல கொஞ்சம் கூட சாப்பிடும், ஆனா நீங்க வெயில் தாங்கலைன்னு எழுதியிருக்கீங்க, வெயில்ல கோழி தீனி குறைக்கணுமே தவிர கூட்டாது. அப்போ நாளைக்கு 36 கிலோ எங்கயோ போகுது. ஒரு காரியம் பண்ணுங்க, காலையில தீனி போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு நீங்களே ஷெட்டுக்குள்ள போய் கூண்டுக்கு கீழ எரு மேல பாருங்க, மஞ்சளா மக்காச்சோள நொய் படிஞ்சிருந்தா தொட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்புறாங்கன்னு அர்த்தம், கோழி அலகால தட்டித் தட்டி கீழ தள்ளிடும். தொட்டியில மூணுல ஒரு பங்குக்கு மேல தீனி நிக்கக் கூடாது. கீழ எதுவும் சிந்தலைன்னா மூட்டையை தராசுல வச்சு எடை பாருங்க, அடுத்து குடோன்ல எலி வளை இருக்கான்னு பாருங்க. அதுவும் இல்லைன்னா தீவனத்துல சத்து கம்மியா இருக்கலாம், ஏன்னா கோழி தனக்கு வேண்டிய எரிசக்தி கிடைக்கற வரைக்கும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கும், தீவனம் மட்டமா இருந்தா அதிகமா தின்னும். ஒரு சாம்பிள் எடுத்து லேப்ல கொடுங்க, அப்படியே மக்காச்சோளத்துல பூஞ்சை நச்சு இருக்கான்னும் பார்த்துடலாம்.

36 கிலோன்னா சின்னதா தெரியும். கிலோவுக்கு 6 முட்டைன்னா நாளைக்கு 216 முட்டை, 7 ட்ரே. வருஷத்துக்கு 13 டன் தீவனம். இப்ப நீங்க ஒரு முட்டைக்கு 153 கிராம் தீவனம் செலவு பண்றீங்க, அதாவது 100 முட்டை வித்தா 92 முட்டை தீவனத்துக்கே போகுது. கூலி கரண்ட் மருந்துக்கு ஒரு 8. முடிஞ்சுது, 100ம் போயாச்சு. மாசக் கடைசியில பணம் நிக்கலைன்னா எப்படி நிக்கும், வியாபாரி ஏமாத்தினாலும் ஏமாத்தலைன்னாலும் நிக்காது. அந்த 36 கிலோவை அடைச்சா முட்டைக்கு 141 கிராம் ஆகும், 100ல 85 தீவனம், 8 மத்த செலவு, 7 கையில நிக்கும். ஒரு கோழி கூட புதுசா வாங்காம, ஒரு கையெழுத்து கூட போடாம வர்ற வருமானம் இது.

இன்னொரு விஷயம் உங்க நோட்டுல மட்டுமில்ல, நிறைய பண்ணைக் கணக்குல இருக்காது. 18 வாரக் கோழி ஒண்ணு வாங்க 60 முட்டை விலை ஆகுதுன்னு வச்சுக்குவோம், முட்டை ஓஞ்சு கறிக்கு கொடுக்கும்போது 20 முட்டை விலை திரும்ப வருது. நடுவுல தேயுறது 40 முட்டை. ஒரு கோழி அது வாழ்நாள்ல 330 முட்டை விடுதுன்னா, ஒவ்வொரு 100 முட்டைக்கும் 12 முட்டையை அடுத்த பேட்ச்சுக்குன்னு எடுத்து வைக்கணும். நீங்க எடுத்து வைக்கல, யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. அதோட விளைவு இப்ப வாசல்ல நிக்குது: இந்த 4,000 கோழியை மாத்தவே 2,40,000 முட்டை விலை வேணும், மிச்சமிருக்குற 3,760 பழசை வித்தா சுமார் 75,000 வரும், மிச்சம் சுமார் 1,65,000 முட்டை விலைக்கு காசு இல்லை. விரிவாக்கம்னு பேசுற கடன்ல ஒரு பகுதி நிஜத்துல பழைய பேட்ச்சோட பள்ளத்தை மூடப் போகுது. இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட கட்டாயம் காட்டுங்க, அவருக்கே இது தெரியாம இருக்க வாய்ப்பு அதிகம்.

விலை உச்சத்துல இருக்கும்போது கோழி இறக்கறது பத்தி

கொழுந்தனார் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. ஷெட் பெருசானா ஒரு கோழிக்கான கூலி குறையும், தீவனம் மொத்தமா வாங்கலாம், லோடு நிறைய இருந்தா வண்டி வாடகை பங்கு கம்மி. இதெல்லாம் உண்மை. ஆனா இன்னிக்கு விலையை வச்சு அவர் கணக்கு போடறார், முட்டை வரப்போறது இன்னிக்கு இல்லையே. குஞ்சா வாங்கி இறக்கினா 18லருந்து 20 வாரம் ஆகும் முதல் முட்டைக்கு. அதுவரைக்கும் ஒரு கோழி 6 கிலோ அளவுக்கு சாப்பிட்டிருக்கும், 8,000க்கு 48 டன், ஒரு முட்டை கூட விக்கறதுக்கு முன்னாடி. அதே நேரத்துல இதே விலையைப் பார்த்து மத்த பண்ணைக்காரங்களும் குஞ்சு ஆர்டர் கொடுத்திருப்பாங்க, அவங்க கோழியும் உங்க கோழியும் ஒரே மாசத்துல முட்டை விட ஆரம்பிக்கும்.

முட்டையில இன்னொரு சிக்கல், விலை இறங்குச்சுன்னு கோழியை நிறுத்தி வைக்க முடியாது. அது தினம் விடும், தினம் தின்னும். முட்டையை ரொம்ப நாள் வச்சிருக்கவும் முடியாது. வாங்கறவங்களும் விலை பாதியாச்சுன்னு ரெட்டிப்பா சாப்பிட மாட்டாங்க, அதனால சந்தையில முட்டை கொஞ்சம் கூடுனாலே விலை நிறைய விழும், கொஞ்சம் குறைஞ்சாலே எகிறும். அமெரிக்காவுல 2022ல பறவைக் காய்ச்சல்ல 4 கோடிக்கும் மேல முட்டைக் கோழி போச்சு, 2022 ஜனவரிக்கும் 2023 ஜனவரிக்கும் நடுவுல கடை விலை ரெண்டரை மடங்கு ஆச்சு. அந்த ஆகஸ்ட்டுக்குள்ள கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே இறங்கிடுச்சு. ஜனவரி உச்சத்தைப் பார்த்து குஞ்சு இறக்கினவருக்கு முட்டை வர ஆரம்பிச்சது ஜூன் வாக்குல, அதாவது விலை விழுந்ததுக்கு அப்புறம். அந்த உச்ச விலை யாருக்கு கிடைச்சுதுன்னா ஏற்கனவே ஷெட்ல கோழி வச்சிருந்து, நோய் வராம காப்பாத்தினவங்களுக்கு.

தீவனப் பக்கமும் நம்ம கையில இல்லை. தீவனத்துல பாதிக்கு மேல மக்காச்சோளம், அடுத்த பெரிய பங்கு சோயா புண்ணாக்கு, ரெண்டுமே உலகச் சந்தை சரக்கு. 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் மக்காச்சோளம் கோதுமை விலை ஏறி, அந்தப் போருக்கு சம்பந்தமே இல்லாத நாட்டுல இருக்குற கோழிப்பண்ணை எல்லாம் அடி வாங்கிச்சு.

அதனால புது பேட்ச்சுக்கு மூணு விதமா கணக்கு போட்டுப் பாருங்க. முழு காலத்துக்கும் சராசரி 85 சதவீதம் முட்டைன்னா (நல்லா வளர்த்தா வரும்) முட்டைக்கு 129 கிராம் தீவனம். தீவனம் கிலோ 6 முட்டை விலைன்னா 100ல 78 தீவனம், மத்த செலவு 8, கோழி தேய்மானம் 12, மொத்தம் 98. மிச்சம் 2, அதுலதான் புதுக் கடனோட வட்டி கட்டணும். கிலோ 5 ஆச்சுன்னா 15 நிக்கும், சந்தோஷம். கிலோ 7 ஆச்சுன்னா மொத்தம் 110 போகும், 10 நஷ்டம். 4,000 கோழிக்கு அது நாளைக்கு 11 ட்ரே நஷ்டம், இழுத்துப் பிடிச்சு சமாளிக்கலாம். 12,000க்கு நாளைக்கு 34 ட்ரே. எத்தனை மாசம் தாங்குவீங்க? இந்த கேள்விக்கு மாசம்னு ஒரு எண்ணு சொல்ல முடிஞ்சாதான் விரிவாக்கம் பத்தியே பேசணும்னு நான் நினைக்கிறேன். உபரியா ஏற்றுமதி பண்ணிக்கலாம்னு கொழுந்தனார் சொன்னதா எழுதியிருக்கீங்க, அதை கணக்குல சேர்க்காதீங்க, உலகத்துல விடற முட்டையில ரொம்ப சின்ன பங்குதான் நாடு தாண்டிப் போகுது, பக்கத்துல எங்கயாவது பறவைக் காய்ச்சல் வந்தா வாங்கற நாடு அந்த வாரமே கதவை சாத்திடும்.

வியாபாரியும் தீவனக் கடனும்

கடையில விக்கற விலைக்கும் உங்களுக்கு கொடுக்கற விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க வியாபாரியோட கொள்ளைன்னு நினைக்காதீங்க. வண்டி, ஏத்துக்கூலி, வழியில உடையறது, சின்னது பெருசு பிரிக்கறது, கடைக்காரருக்கு கடன் விடறது, விக்காம தேங்கறது எல்லாம் அதுல அடங்கும். ஆனா உங்க நோட்டுல "உடைசல் கழிவு"ன்னு ஒவ்வொரு லோடுக்கும் ஒரே எண்ணு, ரெண்டு மாசமா மாறவே இல்லை. உண்மையில எண்ணிக் கழிச்சா தினம் ஒரே மாதிரி வராதுங்க. ஏத்தும்போதே ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணி, கீறல் முட்டையை தனியா வச்சு, சீட்டுல ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, வண்டி கிளம்பினதுக்கு அப்புறம் உடையறது அவர் பொறுப்புன்னு அதே சீட்டுல எழுதுங்க. ஏமாத்துறார்னு சண்டை போட வேண்டாம், எண்ணுங்க, போதும்.

எனக்கு வியாபாரியை விட தீவனக் கடன்தான் கவலை. ரொக்க விலையை விட கடன் விலை 4 சதவீதம் ஜாஸ்தி, 30 நாள் தவணைன்னு சொல்லியிருக்கீங்க. 4 தானேன்னு தோணும். மாசத்துக்கு 4ன்னா வருஷத்துக்கு 48 சதவீதம் வட்டி. முட்டையில எண்ணுனா 100 முட்டைக்கு மூணு மூணரை முட்டை, மேல பார்த்தோமே புது பேட்ச்ல மிஞ்சுறதே 2ன்னு, அதையும் தாண்டிப் போகுது. உங்க சேமிப்பு ஏதாவது இருந்தா, இல்ல சின்னதா ஒரு நியாயமான வட்டிக் கடன் கிடைச்சா, மொதல்ல தீவனத்தை ரொக்கத்துக்கு மாத்துங்க, பண்ணையை பெருசாக்கறதை விட இதுல லாபம் அதிகம்.

இப்ப தீவனக்காரர் கேக்கறது அதுக்கும் மேல. தீவனமும் அவர்கிட்ட, முட்டையும் அவருக்கே, முன்பணமும் அவரோடது. அப்போ வாங்கற விலையும் விக்கற விலையும் ஒரே ஆள் கையில. மோசமான ஆளுன்னு சொல்ல வரல, மூணு வருஷமா ஒழுங்கா நடந்துக்கறார்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அது பெரிய விஷயம். விலை விழும்போது உறுதியா எடுக்கற ஆள் ஒருத்தர் இருக்கறதும் நல்லதுதான். ஆனா எழுத்துல வேணும்: எந்த நாள் எந்த சந்தை விலை, அதுல எவ்ளோ கழிவு, எத்தனை நாள்ல பணம், தீவனத் தரம் என்ன, சரியில்லைன்னா நீங்க வெளிய வாங்கலாமா, முன்பணம் முடிஞ்சதும் ஒப்பந்தம் முடியுமா. முட்டை மொத்தமும்னு இல்லாம பத்துல ஏழு பங்குன்னு கேளுங்க. மிச்சம் மூணை வேற ஆளுக்கு போட்டாதான் இவர் கொடுக்கற விலை சரியான்னே உங்களுக்கு தெரியும்.

பழைய கூண்டு, பழைய கோழி

பழைய கூண்டு பாதி விலைக்கு கிடைக்குதேன்னு ஆசை வரும். போய்ப் பார்க்கும்போது ஒரு முட்டையை கையில எடுத்துட்டுப் போங்க, கூண்டோட தரைக் கம்பி மேல பின்பக்கமா வச்சு விடுங்க, அது மெதுவா உருண்டு முன்னாடி தட்டுக்கு வந்து நிக்கணும். நடுவுல நின்னுடுச்சுன்னா கம்பி தொய்ஞ்சிருக்கு, கோழி மிதிச்சு உடைக்கும், வேகமா வந்து டக்குன்னு மோதுச்சுன்னா ஓட்டுல கீறல் விழும். பத்து இருபது இடத்துல இதைப் பண்ணுங்க. உடைசல் 3 சதவீதம் கூடுனா 8,000 கோழியில நாளைக்கு 200 முட்டை போச்சு, கூண்டுல மிச்சம் பிடிச்ச காசு கொஞ்ச மாசத்துல அங்கயே தீர்ந்துடும். கம்பி இணைப்புல சாம்பல் மாதிரி தூள் இருந்தா அது கோழி ரத்தம் குடிக்கற செவ்வுண்ணி இருந்த அடையாளம், ரத்தம் கிடைக்காமலே பல மாசம் உயிரோட கிடக்கும், உங்க ஷெட்டுக்கு குடிவந்துடும். அந்தப் பண்ணை ஏன் மூடுச்சுன்னும் கேளுங்க, நோய்னு பதில் வந்தா பேச்சை அதோட முடிச்சுடுங்க.

கூண்டுங்கறது பதினஞ்சு வருஷ முதலீடு, சட்டம் அதுக்குள்ள மாறலாம். ஐரோப்பிய ஒன்றியத்துல 1999லயே அறிவிச்சு, 2012 ஜனவரி 1லருந்து பழைய மாதிரி வெறும் கூண்டுக்கு தடை போட்டாங்க, அவ்ளோ வருஷம் டைம் இருந்தும் நிறைய பண்ணைங்க தயாராகல. உங்க அரசாங்கத்துல இது பத்தி ஏதாவது திட்டம் இருக்கான்னு கால்நடைத் துறையில விசாரிச்சுடுங்க.

கோழியை 72 வாரத்துல கழிச்சே ஆகணும்னு எழுதியிருக்கீங்க. அது பழைய பழக்கம், விதி இல்லை. இப்ப இருக்குற இனங்களை நல்லா வச்சிருந்தா 80 வாரம் தாண்டியும் லாபமா ஓடும், 90 தாண்டி ஓட்டுறவங்களும் இருக்காங்க. தினம் வர்ற முட்டைக் காசு அன்னிக்கு தீவனத்தையும் மத்த செலவையும் தாண்டுதான்னு பாருங்க, கோழி வாங்குன காசு ஏற்கனவே செலவானது, அதை இந்த முடிவுல சேர்க்க வேண்டாம். தீவனச் சிந்தலை நிறுத்திட்டா உங்க கோழி இன்னும் சில வாரம் தாங்கும். ஓடு மெலிசாகுதான்னு மட்டும் கவனிங்க, வயசு ஆக ஆக முட்டை பெருசாகும் ஓடு மெலியும், சுண்ணாம்புச் சத்துக்காக தீவனத்துல சேர்க்கற கிளிஞ்சல் அளவு போதுமான்னு பார்க்கணும்.

12,000 ஆகும்போது வேற வேற வயசுல ரெண்டு மூணு பேட்ச் ஒரே இடத்துல இருக்கும். முட்டை வரவு சீரா இருக்கும்ங்கறது நல்லது, ஆனா ஷெட் ஒருநாளும் முழுசா காலியாகி கழுவி ஓய்வு கொடுக்க முடியாது, பழைய பேட்ச்சோட நோய் புது பேட்ச்சுக்கு போய்க்கிட்டே இருக்கும். பறவைக் காய்ச்சல் வந்து அரசாங்கம் கோழியை அழிச்சா நிறைய நாடுகள்ல நஷ்ட ஈடு உண்டு, ஆனா பெரும்பாலும் அழிக்கற நேரத்துல உயிரோட இருந்த கோழிக்குத்தான், ஏற்கனவே செத்ததுக்கு கிடைக்காது. அதனால சாவு திடீர்னு கூடுனா மறைக்காம அன்னிக்கே சொல்லணும். ஷெட் காலியா கிடக்கற மாசங்களோட வருமானத்தை யாரும் தர மாட்டாங்க, கடன் தவணை மட்டும் வந்துக்கிட்டே இருக்கும்.

உங்க கையெழுத்து

ஜாமீன்னா கடன் வாங்கினவர் ஓடிப்போனாதான் நம்மகிட்ட வருவாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நீங்களும் கடிதத்துல அப்படித்தான் எழுதியிருக்கீங்க. பல நாட்டு சட்டத்துல கடன் கொடுத்தவர் நேரா ஜாமீன்தாரர்கிட்டயே கேக்கலாம். மொதல்ல அவர்கிட்ட வசூல் பண்ணிட்டு வாங்கன்னு சொல்ற உரிமை இருக்குற இடத்துலயும், அந்த உரிமையை விட்டுக்கொடுக்கறேன்னு பத்திரத்துல பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். இன்னொரு வரியையும் தேடுங்க: "இனி வரும் கடன்களுக்கும் பொருந்தும்"ங்கற மாதிரி இருந்தா, நாளைக்கு கொழுந்தனார் கூடுதலா வாங்கறதுக்கும் உங்க வீடு பதில் சொல்லும்.

இங்க கடனும் தொழிலும் அவங்க ரெண்டு பேர் பேர்ல, சொத்து மட்டும் உங்க பேர்ல. லாபத்துல உங்க பங்கு எங்கயாவது எழுதியிருக்கா? இல்லைன்னா நஷ்டத்துல மட்டும் நீங்க பங்குதாரர். இதைச் சொல்றதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எப்பவாவது கையெழுத்து போடற நிலைமை வந்தா, இவ்ளோ தொகை, இந்த ஒரு கடன், இந்த தேதி வரைன்னு வரம்பு போடச் சொல்லுங்க, தொழில்ல உங்களையும் பங்குதாரரா எழுதச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி கடன் கொடுக்கறவங்க காட்டற வக்கீல்கிட்ட போகாம உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீலைப் பாருங்க, ஒருமுறை பத்திரத்தைப் படிச்சுக் காட்ட ஆகற செலவு வீட்டு மதிப்புல ஒண்ணுமே இல்லை.

நான் உங்க இடத்துல இருந்தா எந்த வரிசையில போவேன்

மொதல்ல அந்த 36 கிலோ. ஒரு மாசத்துல தெரிஞ்சுடும். ரெண்டாவது, கைக்கு வர்ற மிச்சத்தை வச்சு தீவனத்தை ரொக்கத்துக்கு மாத்தறது, ஒரேயடியா முடியாது, பாதி மூட்டை ரொக்கம் பாதி கடன்னு ஆரம்பிக்கலாம். மூணாவது, இருக்குற 4,000ஐ மாத்தறதுக்கு மட்டும் காசு தேத்தறது, தேவைப்பட்டா சின்னக் கடன், கோழியும் ஷெட்டும் ஈடா வச்சு வாங்க முடியுமான்னு கேளுங்க, வீடு இல்லாம. புது பேட்ச்ல முதல் நாள்லருந்து 100க்கு 12 முட்டையை தனிக் கணக்குல போடுங்க, அதுல கை வைக்கக் கூடாதுன்னு மூணு பேரும் ஒத்துக்கணும். கூடவே மூணு மாசத் தீவனக் காசு கையிருப்பா சேரணும், 4,000க்கு அது கிட்டத்தட்ட 40 டன். இவ்ளோவும் ஆனதுக்கு அப்புறம் இன்னொரு 4,000 சேர்க்கறதைப் பத்தி பேசலாம், முடிஞ்சா விலை மந்தமா இருக்கும்போது, அப்பதான் குஞ்சும் கூண்டும் மலிவா கிடைக்கும், அடுத்த ஏத்தத்துல உங்க கோழி முட்டை விட்டுக்கிட்டிருக்கும்.

வீட்டுக்காரர்கிட்ட பேசும்போது "வேண்டாம்"னு ஆரம்பிக்காதீங்க. மூணு பேரும் உக்காந்து நோட்டைத் திறந்து, 7 ட்ரே எங்க போகுதுன்னு மட்டும் காட்டுங்க. கொழுந்தனாருக்கு உழைக்கற ஆர்வம் இருக்கு, அதை மதிச்சு, தீவனச் சிந்தல் வேலையை அவர் பொறுப்புலயே விடுங்க, அவர் கையாலயே அந்தக் காசு திரும்பி வர்றதைப் பார்த்தா பேச்சு வேற மாதிரி போகும். அதுக்கும் மீறி உடனே கையெழுத்து வேணும்னு வற்புறுத்தினா, வக்கீல் படிக்கற வரைக்கும் போட மாட்டேன்னு அமைதியா சொல்லிடுங்க, அதுல எந்த சட்டச் சிக்கலும் உங்களுக்கு இல்லை.

அடுத்த கடிதத்துல மூணு விஷயம் அனுப்புங்க: ரெண்டு வாரத்துக்கு தினம் உயிரோட இருக்குற கோழி, எடை போட்ட தீவனம், எண்ணுன உடைசல். தீவனக்காரர்கிட்ட ரொக்க விலையும் கடன் விலையும் தனித்தனியா எழுதி வாங்கி அதையும் சேர்த்து அனுப்பினா, 4,000ஐ எந்த வாரத்துல மாத்தலாம், குஞ்சா இறக்கறதா 18 வாரக் கோழியா வாங்கறதான்னு கணக்கு போட்டு சொல்றேன்.